கம்பிக்கு இரு புறமும்

ஒரு கைதியையும் ஒரு சிறைக் காவலரையும் அழைத்து வந்து, இருவருக்கும் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தால், இவர் யார், அவர் யார் என்று நம்மால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். “ஆளைப் பார்த்தாலே தெரியாதா?” என்று கேட்கிறோமே, அது கேள்வி அல்ல; தீர்ப்பு.

இந்த நம்பிக்கை இரண்டு விதமாக உலவுகிறது. கண்ணியமான குடும்பஸ்தர் ஒருவரைக் கேட்டால், கம்பி எண்ணுகிறவன் பிறவியிலேயே கோணல் புத்திக்காரன் என்பார். சாவியோடு வெளியே நிற்பவர் கொஞ்சம் முரடாக இருந்தாலும் நேர்மையானவர் என்பார். கதைகளும் சினிமாவும் பார்த்து வளர்ந்தவரைக் கேட்டால் இதையே தலைகீழாகச் சொல்வார். உள்ளே இருப்பவன் சந்தர்ப்பத்தால் கெட்ட உத்தமன்; வார்டரோ மீசை முறுக்கிய ராட்சசன். இந்த இரண்டாவது கட்சியை வளர்த்துவிட்டதில் கதை எழுதிப் பிழைக்கிற எங்கள் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால், இரு கட்சியாரும் எவ்வளவுதான் சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வகை மனிதர், இந்தப் பக்கம் வேறொரு வகை மனிதர் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு அந்த ஒற்றுமையின் மேல்தான் சந்தேகம்.

ஊட்டிக்கு வருகிறவர்கள் யாரும் ஜெயில் பார்க்க வருவதில்லை. பூங்கா, படகு, தொட்டபெட்டா, திரும்பும்போது ஒரு பொட்டலம் வர்க்கி. நீலகிரியில் பெரிய மத்தியச் சிறை கிடையாது. 1872-ல் ஏற்பட்ட கோயம்புத்தூர் சிறைக்கு மலையிறங்கித்தான் போகவேண்டும். ஆனாலும் ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், நடுவட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு பழைய ஜெயில் கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1860-ஆம் ஆண்டு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து சிங்கோனாச் செடியை இந்தியாவுக்குக் கொண்டுவர முனைந்தார். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் கிடைக்கிறது. ஊட்டித் தாவரப் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். காடு வெட்டவும் குழி தோண்டவும் ஆள் வேண்டுமல்லவா? அந்தக் குளிருக்கும் மழைக்கும் கூலியாட்கள் எளிதில் கிடைக்கவில்லை. அரசாங்கம் கைதிகளைக் கொண்டுவந்தது. அவர்களில் சீனர்களும் இருந்தார்கள். அபினிப் போரில் பிடிபட்ட சிப்பாய்கள் அவர்கள் என்று நடுவட்டத்திலும் தாய்சோலையிலும் கதை சொல்வார்கள். பழைய ஆவணங்களின்படி பார்த்தால், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஆங்கிலேயக் குடியேற்றங்களில் தண்டனை பெற்று, சென்னை மாகாணத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் அவர்கள்.

1860-களின் பிற்பகுதியில் அந்தச் சீனர்களில் சிலர், ஒரு புயல் மழை நேரத்தில் சிறையிலிருந்து தப்பி ஓடினார்கள். ஆயுதம் தாங்கிய போலீசார் பல குழுக்களாகக் காட்டுக்குள் தேடப் போனார்கள். ஒரு குழு திரும்பி வரவே இல்லை. தப்பியவர்கள் மலபாரில் பிடிபட்டபோது போலீசாரின் ஆயுதங்கள் அவர்களிடம் இருந்தன. பிறகு சிஸ்பாரா மலைப்பாதையில் அந்தக் காவலர்களின் உடல்கள் கிடைத்தன. வரிசையாகக் கிடத்தப்பட்டு, வெட்டுண்ட தலைகள் அந்தந்த உடலின் தோளிலேயே பொருத்தி வைக்கப்பட்டிருந்தனவாம். 1908-ல் வெளிவந்த நீலகிரி மாவட்டக் கெஜட்டியர் இந்தச் செய்தியைப் பதிவு செய்திருக்கிறது.

படிக்கும்போது மயிர்க் கூச்செறிகிறது. “அப்படிப்பட்ட ஜன்மங்கள்!” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால், அடுத்த வருஷமே, 1909-ல், எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே மலைச்சரிவில் ஒரு சின்னச் சீனக் குடியிருப்பைக் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டு, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, அமைதியாகக் காலம் தள்ளுகிறவர்கள் அவர்கள். சிஸ்பாராவில் தலை வெட்டியவர்களும் முட்டைக்கோசுக்கு மண் அணைத்தவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. “சீனனுடைய சுபாவம்” என்று ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு முதல் செய்திக்குக் காரணம் சொல்கிறவர், இரண்டாவது செய்திக்கு என்ன காரணம் சொல்லப் போகிறார் என்றுதான் கேட்கிறேன்.

அந்தச் சீனர்களுக்குக் காவல் நின்றவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். மாதச் சம்பளத்துக்காகச் சமவெளியிலிருந்து மலையேறி வந்த ஏழைகளாகத்தான் அவர்கள் இருந்திருக்க வேண்டும். நடுவட்டத்து மழை துப்பாக்கிக்காரனையும் விலங்குக்காரனையும் ஒரேமாதிரி நனைத்திருக்கும்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து சீனக் கைதிகள் இங்கே வந்த காலத்தில், இந்தியக் கைதிகள் கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நம் சென்னை மாகாணத்துக்காரர்களும் அவர்களில் உண்டு. 1825 முதல் 1873 வரை அங்கே இந்தியக் கைதிகளுக்கென்று ஒரு சிறை நடந்தது. இன்றும் அந்நகரில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தாம். அந்தச் சிறையை நிர்வகித்த மெக்நாயர் என்ற அதிகாரி 1899-ல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘கைதிகளே தங்களுக்குக் காவலர்’ என்று வரும். நன்னடத்தையால் படிப்படியாக உயர்ந்த கைதிகளையே மற்றக் கைதிகளுக்கு வார்டர்களாக நியமித்துவிட்டார்கள். நேற்றுவரை உள்ளே பூட்டப்பட்டவன் இன்று பூட்டுகிறவன். இந்தியச் சிறைகளிலும் ‘கன்விக்ட் வார்டர்’ என்ற பெயரில் இந்த ஏற்பாடு வெகுகாலம் இருந்தது. 1919-20-ல் கார்டியூ தலைமையில் அமைந்த சிறைக் கமிட்டி இதைப் பற்றிக் கவலைப்பட்டு, இப்படிப்பட்ட கைதி அதிகாரிகளைக் குறைக்க வேண்டும் என்று சொல்லவேண்டியிருந்தது.

ஒரே மனிதன், திங்கட்கிழமை கைதி, செவ்வாய்க்கிழமை வார்டர். இரவோடு இரவாக அவனுடைய குணம் மாறிவிட்டதா? குணம் மாறவில்லையென்றால் மாறியது எது?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை. குன்னூருக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற அம்மாள் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. அவருடைய மகன் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதினான். நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைப் போலீஸ் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று வேலைக்கும் ஒரே தேர்வுதான். பையனுக்குச் சிறைக் காவலர் வேலை வந்தது. லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். தாயாருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. என்னிடம் வந்து கேட்டார்: “ஐயா, நெருப்பணைக்கிற வேலை கெடச்சிருந்தா நாலு பேர் கும்பிடுவாங்க. இது ஆளைப் போட்டுப் பூட்டுற வேலையாப் போச்சே! புள்ள மனசு கல்லாயிடாதுங்களா?”

படித்தவர்கள் மேடை போட்டு விவாதிக்கிற விஷயத்தை அந்த அம்மாள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. இதைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரிடம் போனேன்.

அவர் சமவெளிச் சிறைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கைதிக்கும் வார்டருக்கும் குணத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். முதலில் ஒற்றுமைகளைத்தான் சொன்னார். இனிப்பாகப் பேசுகிறவனை இருவரும் நம்ப மாட்டார்கள். காலடிச் சத்தத்தைக் கேட்டே வருகிறவனுடைய கோபதாபத்தை இருவரும் தெரிந்துகொள்வார்கள். யார் யாருக்கு எந்தச் சின்ன உபகாரம் செய்தார் என்ற கணக்கு இருவர் மனத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். பயந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது இருவருக்கும் விதி. கைதி நாளை எண்ணுகிறான். வார்டர் ஆளை எண்ணுகிறார். ஓய்வு பெற்ற பிறகும், ராத்திரி படுக்குமுன் வீட்டில் இருக்கிறவர்களை அவர் வாய் முணுமுணுத்து எண்ணிப் பார்க்கிறதாம், பேரன் சிரிக்கிறானாம்.

“அப்படியானால் வித்தியாசமே இல்லையா?” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒண்ணு இருக்கு சார். அவனுக்குக் கோபம் வந்தா அவன் மேல கேஸ். எனக்குக் கோபம் வந்தாலும் அவன் மேலதான் கேஸ்.”

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்காவில் கிரெஷாம் சைக்ஸ் என்ற சமூகவியலார் நியூ ஜெர்சி மாநிலச் சிறை ஒன்றை ஆராய்ந்து 1958-ல் ஒரு நூல் எழுதினார். காவலாளியின் அதிகாரம் வெளியே தெரிகிற அளவுக்கு முழுமையானதல்ல என்று அவர் கண்டார். நூற்றுக்கணக்கான பேரைச் சில பேர் வைத்துச் சமாளிக்க வேண்டும். எப்போதும் தடியெடுக்க முடியாது. ஆகவே, சின்ன மீறல்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய அமைதியை விலைக்கு வாங்குகிறார் காவலாளி. கைதிக்குக் காவலாளி தயவு வேண்டும். காவலாளிக்கும் கைதி தயவு வேண்டும். பல வருஷம் இப்படி ஒருவரையொருவர் அனுசரித்து வாழ்கிறவர்களுக்கு ஒருவருடைய சாயல் மற்றவர் மேல் படியாமல் இருக்குமா? வெகுநாள் தாம்பத்தியத்தில் முகஜாடைகூட ஒன்றாகிவிடுகிறது என்கிறோமே!

பிறகு 1971-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய பரிசோதனை உலகப் பிரசித்தமாயிற்று. எழுபதுக்கு மேற்பட்ட விண்ணப்பக்காரரில் இருபத்துநாலு இளைஞர்களைப் பொறுக்கி, நாணயம் சுண்டிப் போடுவது போல ஒரு பாதியைக் கைதியாகவும் மறு பாதியைக் காவலாளியாகவும் பிரித்தார்கள். மனோதத்துவச் சோதனைகளில் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆயினும் காவலாளிகளில் சிலர் கொடுமைக்காரர்களாகி, கைதிகளில் சிலர் மனமுடைந்து, இரண்டு வாரம் நடக்கவேண்டியது ஆறு நாளில் நின்றது. உத்தியோகம் கொடுத்தால் எவனும் ராட்சசனாகிவிடுவான் என்று உலகம் முடிவு கட்டியது.

ஆனால் அந்த முடிவு அப்படியே நிற்கவில்லை. முரட்டுத்தனமாக இருக்கும்படி காவலாளிகளைப் பரிசோதனைக்காரர்களே தூண்டியிருக்கிறார்கள் என்பது பழைய ஒலிநாடாக்களிலிருந்து பின்னர் தெரியவந்தது. பிரிட்டனில் 2001-ல் ரெய்ச்சர், ஹாஸ்லம் என்ற இரு பேராசிரியர்கள் இதுபோன்ற ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அங்கே காவலாளிகளுக்கு அதிகாரம் செலுத்தவே கூச்சமாயிருந்தது, கைதிகள்தாம் ஓங்கிவிட்டார்கள். 2007-ல் வேறு இரண்டு ஆராய்ச்சியாளர் இன்னொன்றைக் காட்டினார்கள். ‘சிறை வாழ்க்கை பற்றிய ஆராய்ச்சிக்கு ஆள் தேவை’ என்று விளம்பரம் செய்தால் வருகிறவர்களிடம், வெறுமனே ‘ஆராய்ச்சிக்கு ஆள் தேவை’ என்று விளம்பரம் செய்தால் வருகிறவர்களைவிட, ஆக்கிரமிப்புக் குணமும் அதிகார மோகமும் அதிகம், இரக்கம் குறைவு. அதாவது, வேலை ஆளைக் கெடுப்பது ஒரு பக்கம் இருக்க, அந்த வேலையை நாடி வருகிற ஆளே ஒரு தினுசாக இருக்கலாம்.

நம் ஊருக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்? நம் பையன்கள் சிறையை நாடிப் போவதில்லை. அரசாங்கச் சம்பளத்தை நாடிப் போகிறார்கள். ஒரே தேர்வு, ஒரே மைதானத்தில் ஓட்டம், கயிறு ஏறுதல். ஒருவன் கையில் தண்ணீர்க் குழாய் வருகிறது. அடுத்தவன் கையில் சாவிக் கொத்து வருகிறது. இவனைக் கருணாமூர்த்தி என்றும் அவனைக் கல்நெஞ்சன் என்றும் பிறவிக் குணத்தால் பிரிக்கச் சொன்னால் பிரம்மதேவனே திண்டாடிப் போவான்.

கம்பிக்கு உள்ளே பார்த்தாலும் இதே கதைதான். 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். ‘கைதிகளின் குணாதிசயம்’ என்று நாம் பேசும்போது யாருடைய குணத்தைப் பேசுகிறோம்? ஜாமீனுக்கு ஆள் இல்லாதது ஒரு குணமா?

இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டு, “அப்படியானால் எல்லாரும் சமம்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை என்கிறீரா?” என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. குணம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போதுதான் பொறுப்பு என்பது தெளிவாகத் தெரிகிறது. இரு புறமும் அதே கோபம், அதே பயம், அதே தந்திரம், அதே இரக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு புறத்துக் கோபத்தை அடக்கச் சட்டம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, தடி இருக்கிறது. மறு புறத்துக் கோபத்தை அடக்க அந்த மனிதனுடைய மனச்சாட்சியைத் தவிர அநேகமாக வேறு எதுவும் பக்கத்தில் இல்லை. ஆகவே அவனிடம் நாம் அதிகம் எதிர்பார்ப்பது நியாயம். அவன் உயர்ந்த பிறவி என்பதற்காக அல்ல. அவன் கையில் சாவி இருக்கிறது என்பதற்காக. ஸ்டான்ஃபோர்டு காவலாளிகளிலும் எல்லாரும் கொடுமை செய்யவில்லை. சிலர் கைதிகளுக்குச் சின்னச் சின்ன உதவி செய்தார்கள். ஆனால், அந்த நல்லவர்களில் ஒருவர்கூடக் கொடுமை செய்த சகாவைத் தடுக்கவில்லை என்று ஜிம்பார்டோ எழுதியிருக்கிறார். நல்ல சுபாவம் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிறவிக் குணம் என்ற நம்பிக்கை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சிறைக்குள் யார் சமைப்பது, யார் கூட்டுவது, யார் மலம் அள்ளுவது என்பதைக் கைதியின் சாதியைப் பார்த்து முடிவு செய்யும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் வெகுகாலம் இருந்தன. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருஷம் ஆன பிறகு! அந்த விதிகள் வார்டரின் குரூர சுபாவத்தில் பிறந்தவை அல்ல. கைதியின் கோணல் புத்தியில் பிறந்தவையும் அல்ல. வெளியே சுத்தமாக உடுத்திக்கொண்டு நிற்கிற நம்முடைய வீட்டுத் திண்ணையிலிருந்து உள்ளே போனவை.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் சாதாரணமானது. மனம் ஒரு நாளில் கல்லாகிவிடாது, அம்மா. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆகும். அவன் லீவில் வரும்போது உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிப் பேசுகிறானா, நம்பர் சொல்லிப் பேசுகிறானா என்று கவனித்துக்கொண்டிருங்கள். நம்பராகிவிட்டால் அன்றைக்குக் கவலைப்படுங்கள். அதுவரை வேண்டாம் என்றேன். பையன் இப்போது வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவருக்கு அவர் சொல்லச் சொல்ல மனு எழுதிக்கொடுத்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினானாம். அந்தக் கிழவர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் தாயாருக்கு இப்போது மனப்பாடம்.

ஆனால், ஒரு தாயார் கவனித்துக்கொண்டிருந்தால் போதுமா? நம்மில் யாரும் ஒரு மனிதனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அறையில் பூட்டியதில்லை. பூட்டச் சொல்லி வரி கொடுக்கிறோம். வார்டரின் இடுப்பில் தொங்குகிற சாவி நம் பெயரால் தொங்குகிறது. அவருக்கு எத்தனை மணி நேர வேலை, எத்தனை பேருக்கு அவர் ஒருவர், அவர் கோபத்தில் கையை ஓங்கினால் அதைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் நாம் விசாரிப்பதில்லை. கைதி எப்படிப்பட்ட ஆள், வார்டர் எப்படிப்பட்ட ஆள் என்று மட்டும் ஆவலாக விசாரிக்கிறோம். முதல் வகைக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் நமக்கு வேலை வந்துவிடும். இரண்டாவது வகைக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தத் தூக்கத்தைத்தான் கொஞ்சம் கலைத்துக்கொள்ளவேண்டும் என்கிறேன்.